கோத்தகிரியிலிருந்து கோவைக்கு 3டி படம் பார்க்கப் போகிறவர்களுக்கு

கேள்வி இதுதான்: கோத்தகிரியில் இருக்கும் ஒரு குடும்பம், அரையாண்டு விடுமுறையில் 10 வயதுப் பையனையும் 5 வயதுப் பெண்ணையும் கோவைக்கு அழைத்துப்போய் ஒரு மாயாஜாலப் படத்தை 3டியில் காட்ட நினைக்கிறது. கூடவே பாட்டியும் வருகிறார்; கிட்டப்பார்வை, தூரப்பார்வை இரண்டுக்கும் சேர்த்து ஒரே கண்ணாடி போடுபவர். போன தடவை படம் முழுக்க இருட்டாகத் தெரிந்திருக்கிறது, பையனுக்குத் தலைவலி, சின்னவள் பாதியிலேயே கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். 3டி என்பதே வீண் செலவா, இல்லை நாங்கள் எதையாவது தவறாகச் செய்தோமா என்று கேட்கிறார்கள்.

வீண் செலவு இல்லை. நீங்கள் செய்த தவறு என்றால் அநேகமாக இரண்டு: ஓரத்து இருக்கை, காட் ரோட்டில் இறங்கிய கையோடு நேராகத் தியேட்டருக்குள் போனது. மூன்றாவது கோளாறு ஒன்றும் இருந்திருக்கலாம், அது தியேட்டருடையது. அதை முதல் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துச் சொன்னால் சரிசெய்ய வைக்கலாம். இடைவேளைக்குப் பிறகு சொல்லிப் பயனில்லை.

இருட்டிலிருந்து தொடங்குகிறேன். சாதாரணப் படத்துக்குத் திரையில் இருக்க வேண்டிய வெளிச்சம் 14 அடி-லாம்பர்ட் (திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு) என்பது சினிமாத் துறையின் அளவுகோல். 3டியில், கண்ணாடி வழியாக உங்கள் கண்ணுக்கு 4.5 வந்து சேர்ந்தாலே அது நல்ல தியேட்டர். மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. காரணம் எளிது. பெரும்பாலான இடங்களில் ஒரே புரொஜெக்டர்தான் இடக்கண் படத்தையும் வலக்கண் படத்தையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறது. ஒவ்வொரு கண்ணுக்கும் நொடிக்கு 24 படம், ஒவ்வொன்றும் மூன்று முறை, ஆக நொடிக்கு 144 மின்னல். ஒரு கண் பார்க்கும்போது மற்றக் கண்ணுக்கு இருட்டு, அதில் பாதி வெளிச்சம் போச்சு. புரொஜெக்டர் லென்ஸுக்கு முன்னால் நிற்கும் ஒளிமுனைவு ஃபில்டர் (ஒளி அலை அதிரும் விதத்தை வைத்து இரு கண்ணின் படத்தையும் பிரிப்பது) மிச்சத்தில் பாதிக்கு மேல் விழுங்கும். உங்கள் மூக்கின் மேலிருக்கும் கண்ணாடி இன்னும் கொஞ்சம். இந்த இழப்பை ஈடுகட்டத்தான் சில்வர் ஸ்கிரீன் போடுகிறார்கள். வெள்ளைத் திரை விழுந்த ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். அலுமினியப் பூச்சுள்ள சில்வர் ஸ்கிரீன் அதை அரங்கின் நடுப்பகுதியை நோக்கித் திருப்பி அனுப்பும். ஒளிமுனைவையும் கெடுக்காமல் அனுப்பும், அதனால்தான் இந்த வகை 3டிக்கு வெள்ளைத் திரை ஆகாது.

நடுவில் இருப்பவருக்குக் கிடைக்கும் இந்தக் கூடுதல் வெளிச்சம் ஓரத்தில் இருப்பவரின் கணக்கிலிருந்து எடுத்ததுதான். நடுவிலிருந்து விலக விலக வெளிச்சம் மளமளவென்று குறையும். சுவரோர இருக்கையில் திரையின் ஒரு பக்கம் ஒரு மாதிரியும் மறுபக்கம் வேறு மாதிரியும் தெரியும். சாதாரணப் படத்துக்கு ஓர இருக்கை வெறும் கழுத்துவலி. 3டியில் அது காசு கொடுத்து வாங்கிய இருட்டு. கடைசி நேரத்தில் ஓரத்தில் ஐந்து சீட்தான் இருக்கிறது என்றால் அந்தக் காட்சியை விட்டுவிட்டு அடுத்த நாளுக்குப் பாருங்கள், அல்லது அதே படத்தின் சாதாரணக் காட்சிக்குப் போங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

எந்த வரிசை? திரையின் அகலம் எவ்வளவோ அதே தூரத்திலிருந்து அதில் ஒன்றரை மடங்கு தூரம் வரை. 12 மீட்டர் திரை என்றால் 12 முதல் 18 மீட்டர். இருபது வரிசை அரங்கில் சுமாராக முன்னிருந்து பதினொன்று முதல் பதினைந்து வரை வரும். கிட்டே உட்கார்ந்தால் ஆழம் தட்டையாகும், கண்ணுக்கு வேலை அதிகம். ரொம்பப் பின்னால் போனால் ஆழம் இழுபட்டது போல இருக்கும், ஆனால் திரை சிறுத்துப்போவதால் அதன் ஓரங்கள் ஜன்னல் சட்டம் மாதிரி எப்போதும் கண்ணில் நிற்கும். பறக்கும் மிருகம் ஒன்று முகத்துக்கு நேரே வந்து, திரையின் பக்கவாட்டு ஓரத்தில் வெட்டுப்பட்டால் மாயம் அங்கேயே உடையும். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பொருளைப் பின்னால் இருக்கும் சட்டம் எப்படி மறைக்கும் என்று மூளை கேட்கும். நடு வரிசையில் இந்தத் தொல்லை குறைவு.

அடுத்தது மலைப்பாதை. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், அங்கிருந்து கோவை இன்னும் ஏறத்தாழ அதே தூரம். அரவேணு தாண்டி வளைந்து வளைந்து இறங்கும்போது குழந்தைக்குக் குமட்டுவது ஏன் என்றால், உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு ‘ஆடுகிறோம்’ என்கிறது, காருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கும் கண் ‘இல்லை’ என்கிறது. 3டியில் இதே சண்டை தலைகீழாக நடக்கும். கண் ‘பறக்கிறோம்’ என்கிறது, காது ‘சீட்டில்தான் இருக்கிறோம்’ என்கிறது. மாயாஜாலப் படத்தில் பறக்கிற காட்சிக்கா பஞ்சம்? காட் ரோட்டில் ஏற்கெனவே கலங்கிய தலையை அப்படியே கொண்டுபோய் அதற்கு முன்னால் உட்கார வைத்தால் பையனுக்குத் தலைவலி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆகவே நேரத்தை இப்படி வையுங்கள். காலை ஏழு மணிக்கே கிளம்பி ஒன்பதரை வாக்கில் கோவை போய்ச் சேருங்கள். இட்லி, இடியாப்பம் மாதிரி எண்ணெய் குறைந்த எதையாவது சாப்பிட்டுவிட்டு, படம் தொடங்குமுன் ஒரு மணி நேரமாவது நடமாடுங்கள், அல்லது நிழலில் சும்மா இருங்கள். அந்த நேரத்தில் பையன் கையில் செல்போன் வேண்டாம். 11 மணிக் காட்சி என்றால் இரண்டு மணிக்கு வெளியே வந்துவிடலாம். சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டாலும் இருட்டுமுன் மேலே ஏறிவிடலாம். டிசம்பரில் ஆறு மணிக்கே வெளிச்சம் போய்விடும், மூடுபனி வேறு இறங்கும், குஞ்சப்பனைப் பக்கம் யானை ரோட்டைக் கடக்கும். மூன்று மணி நேரம் 3டி பார்த்துக் களைத்த கண்ணோடு இரவில் ஓட்டுகிற பாதை இல்லை அது. கூடலூர்க்காரர்கள் படத்துக்கு மைசூரு போவதாக இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு: முதுமலை, பந்திப்பூர் வழி இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறக்கும்.

வாந்திக்காக மாத்திரை கொடுக்கும் வழக்கம் இருந்தால் ஒன்று நினைவிருக்கட்டும். அந்த மாத்திரைகளில் பல தூக்கம் வரவழைக்கும். பிள்ளை வாந்தி எடுக்காது, படமும் பார்க்காது. வண்டி ஓட்டுபவர் தொடவே கூடாது. இன்னொன்று, 1,900 மீட்டர் வாக்கில் இருக்கும் ஊரிலிருந்து கோவையின் 400 மீட்டருக்கு இறங்கும்போது காது அடைக்கும், சளி இருந்தால் சீக்கிரம் விடாது. காது அடைத்தபடி படம் பார்த்தால் வசனம் எல்லாம் கம்பளிக்குள் இருந்து கேட்பது போல இருக்கும். வழியில் மிட்டாயோ தண்ணீரோ கொடுத்து விழுங்க வைத்துக்கொண்டே வாருங்கள்.

இனி கண்ணாடி. வாசலில் தருவதை வாங்கியதும் அது எந்த வகை என்று பாருங்கள். தடித்து, கனமாக, பேட்டரியோடு இருந்தால் அது ஷட்டர் கண்ணாடி. புரொஜெக்டர் இடக்கண் படம் காட்டும்போது வலக்கண்ணை அதுவே மூடும். மூக்குப் பாலத்திலோ அதற்கு மேலோ இருக்கும் சின்ன உணர்விதான் அகச்சிவப்புச் சிக்னலை வாங்குகிறது; முன்மயிரோ குல்லாவோ அதை மறைத்தால் படம் இரண்டாகத் தெரியும். பேட்டரி இறங்கியிருந்தாலும் அதே கதி, அல்லது படபடவென்று துடிக்கும். உடனே மாற்றிக் கேளுங்கள். லென்ஸைச் சாய்த்துப் பார்க்கையில் பச்சையும் சிவப்புமாகப் பளபளத்தால் அது நிறப்பிரிப்பு வகை, இரு கண்ணின் படத்தையும் சற்றே வேறுபட்ட நிறச்சாயல்களால் பிரிப்பது; வெள்ளைத் திரையிலேயே வேலை செய்யும். மெலிதாக, பேட்டரி இல்லாமல், சாம்பல் நிற லென்ஸோடு இருந்தால் ஒளிமுனைவுக் கண்ணாடி. மல்டிபிளெக்ஸ்களில் பெரும்பாலும் கையில் வருவது இதுதான்.

இந்தச் சாம்பல் நிறக் கண்ணாடியிலேயே இரண்டு சாதி உண்டு: வட்ட முனைவு, நேர்கோட்டு முனைவு. வெளித்தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது. கழிப்பறைக் கண்ணாடி முன்னால் நின்று போட்டுக்கொண்டு ஒரு கண்ணை மூடுங்கள். திறந்திருக்கும் கண்ணுக்கு மேலுள்ள லென்ஸ் பிம்பத்தில் கருப்பாகத் தெரிந்தால் வட்ட முனைவு. மூடிய கண்ணின் லென்ஸ் கருப்பாகத் தெரிந்தால் நேர்கோடு. சிறுவர்களுக்கு இதுவே ஒரு வித்தை மாதிரி இருக்கும், வரிசையில் நிற்கும் நேரம் போய்விடும். பயன் என்ன என்றால், நேர்கோட்டு வகையில் தலையைக் கொஞ்சம் சாய்த்தாலும் ஒரு கண்ணுக்குரிய படம் மற்றதில் கசியும், எல்லாப் பொருளுக்கும் நிழல் விழுந்தது போல இரட்டிக்கும். வட்ட முனைவில் அப்படிக் கசியாது. ஆனாலும் தலை சாய்ந்தால் இரண்டு படமும் மேலும் கீழுமாக விலகும். மனிதக் கண்கள் இடவலமாகச் சேர்ந்து திரும்பப் பழகியவை. ஒன்று மேலே, ஒன்று கீழே என்று திரும்ப வராது. சின்னவள் அம்மா தோளில் சாய்ந்து படம் பார்த்திருந்தால், கண்ணாடியைக் கழற்றியது அடம் இல்லை, புத்திசாலித்தனம்.

அவளுக்கு இன்னொரு நியாயமும் இருக்கிறது. பெரியவர்களின் இரு கண்மணிகளுக்கும் நடுவில் ஏறக்குறைய 63 முதல் 65 மில்லிமீட்டர் இருக்கும். சின்னக் குழந்தைக்கு 50ஐ ஒட்டி. திரைக்குப் பின்னால் வெகுதூரத்தில் இருப்பதாகக் காட்டும் மலைக்கு, இடக்கண் படமும் வலக்கண் படமும் திரையில் கிட்டத்தட்ட அந்த 65 மில்லிமீட்டர் விலகி விழ வேண்டும். 12 மீட்டர் திரையில் 2கே படம் (அகலவாக்கில் சுமார் 2,000 புள்ளி) என்றால் ஒரு புள்ளியின் அகலம் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர். ஆக, பதினொரு புள்ளிதான் எல்லை. அதே படத்தை 18 மீட்டர் திரையில் போட்டால் அதே பதினொரு புள்ளி 97 மில்லிமீட்டராக நீண்டுவிடும், கண்கள் இயல்புக்கு மாறாக லேசாக வெளிப்பக்கம் திரும்ப வேண்டும். பெரியவர்கள் சமாளிப்பார்கள். 50 மில்லிமீட்டர் கண்ணுக்கு அது இன்னும் கூடுதல் வேலை. பெரியவர் அளவுக் கண்ணாடி வேறு மூக்கில் நிற்காமல் வழுக்கும், சட்டத்துக்கு மேலே இரட்டைப் படம் தெரியும். அரங்கில் சிறுவர் அளவுக் கண்ணாடி உண்டா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் வீட்டிலிருந்தே ஒரு எலாஸ்டிக் நாடா கொண்டுபோய் இரண்டு காதுக் கம்பிகளையும் பின்னால் சேர்த்துக் கட்டுங்கள். அப்படியும் அவள் கழற்றினால் வற்புறுத்த வேண்டாம். என் கணிப்பில் ஐந்து வயதுக்கு மூன்று மணி நேர 3டி அதிகம்தான்.

பாட்டி விஷயம். பவர் கண்ணாடிக்கு மேலேயே 3டி கண்ணாடியைப் போட வேண்டியதுதான், கழற்றிவிட்டுப் போட்டால் இரண்டும் கெட்டது. சாய்ந்து படுக்கும் ரெக்ளைனர் இருக்கை அவருக்கு வேண்டாம். தலை பின்னால் சாயும்போது பார்வை தானாகவே லென்ஸின் கீழ்ப்பகுதி வழியாகப் போகும், அது புத்தகம் படிக்கிற பகுதி, திரை மங்கலாகத்தான் தெரியும். நிமிர்ந்து உட்கார்ந்து, முகவாயைச் சற்றுத் தாழ்த்தி, மேல் பாதி வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணில் மட்டும் புரை இருந்தாலோ, சிறுவயதிலிருந்தே மாறுகண்ணோ ஒரு கண்ணில் பார்வைக் குறைவோ இருந்தாலோ 3டி அவருக்குப் பெரும்பாலும் எடுபடாது. அவருக்காகக் கண்ணாடிக் காசைச் செலவழிக்காமல் எல்லாருமாகச் சாதாரணக் காட்சிக்குப் போவது மரியாதை.

மலைக்காரர்களுக்கே உரிய ஒரு தொல்லை: மப்ளர். குளிர்சாதனம் ஓடும் அரங்கில் பழக்கதோஷத்தில் மப்ளரை மூக்குவரை இழுத்துவிட்டால், வெளிவிடும் மூச்சு மேல்நோக்கித்தான் போகும். இரண்டு அடுக்குக் கண்ணாடிக்கும் நடுவில் ஆவி படிந்துவிட்டால் லேசில் காயாது. மூக்கை வெளியே விட்டு, மப்ளரைக் கழுத்தோடு நிறுத்துங்கள். ஊட்டியிலோ குன்னூரிலோ குளிரில் நின்றுவிட்டு ஆட்கள் நிறைந்த அரங்குக்குள் போனாலும் இதேதான் நடக்கும். உள்ளே போனதும் கண்ணாடியைச் சட்டைப்பையில் ஐந்து நிமிடம் சூடேற விட்டுப் பிறகு போடுங்கள். லென்ஸைத் துடைக்கப் பழைய பருத்தித் துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். டிஷ்யூ காகிதம் கீறும், சானிட்டைசர் மேல்பூச்சைக் கெடுக்கும். பாப்கார்ன் விரல் பட்ட லென்ஸில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும். அதையும் படத்தின் மாயாஜாலம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

படம் தொடங்கியதும் செய்ய வேண்டிய சோதனைக்கு வருவோம். விளம்பரங்களும் முன்னோட்டங்களும் பெரும்பாலும் தட்டையாகவே ஓடும், அப்போது கண்ணாடி வேண்டாம். படத்தின் பெயர்ப்பலகை வந்ததும் போடுங்கள். கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வரும் இடம்தான் சோதனைக்கு வசதி. ஒரு தடவை கண்ணாடியைக் கழற்றிப் பாருங்கள். எழுத்தோ உருவமோ இரட்டை விளிம்போடு தெரிய வேண்டும். சில நிமிடம் பார்த்தும் எல்லாமே ஒற்றையாகத் துல்லியமாகத் தெரிகிறதென்றால் ஓடுவது 3டி பிரதியே இல்லை. நீங்கள் கறுப்புக் கண்ணாடி போட்டுச் சாதாரணப் படம் பார்க்கிறீர்கள். மாறாக, கண்ணாடி போட்ட பிறகும் முழுசாக இரண்டிரண்டாகவே தெரிந்தால் புரொஜெக்டர் முன்னால் ஃபில்டர் வந்து நிற்கவில்லை, அல்லது ஷட்டர் வகையில் சிக்னல் வரவில்லை. லேசான நிழல் மட்டும் கூடவே வந்தால், ஃபில்டர் அழுக்காகவோ கோணம் தவறியோ இருக்கலாம். முதலில் உங்கள் லென்ஸைத் துடைத்து, தலையை நேராக வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு புகார் சொல்லுங்கள்.

இதையெல்லாம் விடக் குழப்பமானது, இடமும் வலமும் மாறி ஓடுவது. யாருக்கும் சட்டென்று புலப்படாது. எழுத்து பின்னால் புதைந்தது போலவும் பின்னணி முன்னால் வந்தது போலவும் ஏதோ கோணலாக இருக்கும், பத்து நிமிடத்தில் நெற்றி வலிக்கும். பையனுக்கு நடந்தது இதுவாகவும் இருக்கலாம். கண்டுபிடிக்கக் கண்ணாடியைத் தலைகீழாகத் திருப்பிப் பிடியுங்கள். இட லென்ஸ் வலக்கண்ணுக்கும் வல லென்ஸ் இடக்கண்ணுக்கும் வந்துவிடும். அப்படிப் பார்க்கும்போது படம் சட்டென்று இடத்தில் உட்கார்ந்தால் தவறு புரொஜெக்டரில். வெளியே போய் டார்ச் வைத்திருப்பவரிடம் ‘படம் சரியில்லை’ என்று பொதுவாகச் சொன்னால் ஆபரேட்டர் வரை போகாது. ‘லெஃப்ட் ரைட் மாறி ஓடுது, ஆபரேட்டர்கிட்ட சொல்லுங்க’ என்று இந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். அவருக்கு அது ஒரு அமைப்பை மாற்றும் வேலைதான்.

நடுவில் யாருக்காவது தலை சுற்றினால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரையைப் பார்க்க வேண்டாம், இரட்டைப் படம் இன்னும் மோசமாக்கும். கண்ணாடியோடு இரண்டு கண்ணையும் அரை நிமிடம் மூடிக்கொள்ளுங்கள், அல்லது திரையை விட்டு முன் சீட்டின் முதுகைப் பாருங்கள். பறக்கும் காட்சி முடிந்ததும் தொடரலாம்.

எந்தப் படத்துக்கு இவ்வளவு பாடு தகும்? 3டி கேமராவிலேயே எடுத்த படமா, எடுத்து முடித்தபின் கணினியில் 3டியாக மாற்றியதா என்று பாருங்கள். தமிழில் 2018இல் வந்த ‘2.0’ நேரடியாக 3டியில் எடுத்தது. மாற்றிய படம் எல்லாமே மட்டம் என்று சொல்ல மாட்டேன், அவசரத்தில் மாற்றியது மட்டம்: ஆட்கள் அட்டையில் வெட்டி நிறுத்திய பொம்மை மாதிரி அடுக்கடுக்காக நிற்பார்கள், முகத்தில் மூக்குக்கு உயரமே இருக்காது. முன்னோட்டத்தையும் ஒரு தடவை பாருங்கள். பகல் வெளிச்சம், பரந்த காடு, நிதானமாக நகரும் கேமரா என்றால் 3டிக்குப் போகலாம். குகையும் நள்ளிரவுப் போரும் நொடிக்கொரு வெட்டுமாக இருந்தால், மூன்றில் ஒரு பங்கு வெளிச்சத்தில் உங்களுக்குக் கிடைப்பது கருப்புக்குள் கருப்பு. ஒவ்வொரு வெட்டிலும் கண் புது ஆழத்துக்குத் திரும்பி நிலைக்கக் கொஞ்சம் நேரம் வேண்டும், அதற்குள் அடுத்த காட்சி வந்துவிடும். அப்படிப்பட்ட படத்தைச் சாதாரணக் காட்சியில், பளிச்சென்று பார்ப்பதே மேல்.

குழந்தைகளோடு போகிறீர்கள் என்பதால் ஆங்கிலப் படமானாலும் தமிழ் பேசும் பிரதிக்கே டிக்கெட் எடுங்கள். மொழிப்பற்றுக்காகச் சொல்லவில்லை. அடியில் ஓடும் எழுத்து ஓர் ஆழத்தில் மிதக்கும், கதாபாத்திரம் வேறோர் ஆழத்தில் நிற்கும். படிக்கவும் பார்க்கவும் கண் முன்னும் பின்னும் நூற்றுக்கணக்கான தடவை தாவ வேண்டும். டிக்கெட் எடுக்கும்போது கண்ணாடிக்குத் தனிக் கட்டணமா, சேர்த்தா என்று பார்த்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கேட்காமல் கையிலேயே விட்டுவிட்ட ஒளிமுனைவுக் கண்ணாடியைத் தூக்கி எறிய வேண்டாம். வட்ட முனைவு என்று பிம்பச் சோதனையில் தெரிந்தால், அதே வகை ஓடும் இன்னொரு அரங்கிலும் பெரும்பாலும் உதவும். துணியில் சுற்றிக் காரின் முன்பெட்டியில் வையுங்கள், வெயில் நேரே படும் டேஷ்போர்டு மேல் மட்டும் வேண்டாம், படலம் உப்பிவிடும்.